பாவ்லோவ்ஸ்க்: "எல்லாம் திரும்பக் கட்டியதுதானே?" என்று கேட்டவருக்கு

கேள்வி இதுதான்: செப்டம்பர் கடைசியில் ஐந்து நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறீர்கள். கூடவே அப்பா, அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி. ஊருக்கு வெளியே இருக்கும் ஜார் காலத்து அரண்மனைகளில் ஒன்றுக்குத்தான் ஒரு நாள் ஒதுக்க முடியும். யாரோ பாவ்லோவ்ஸ்க் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது போரில் எரிந்து, பிறகு திரும்பக் கட்டியது என்று படித்தீர்களாம். "டூப்ளிகேட்டைப் பார்க்க ஒரு நாளை வீணாக்குவானேன், பேசாமல் பீட்டர்ஹோஃபுக்கே போய்விடலாமா?"

செப்டம்பர் கடைசி என்றால் பாவ்லோவ்ஸ்க்தான். ஜூன், ஜூலை என்று சொல்லியிருந்தால் பீட்டர்ஹோஃபின் நீரூற்றுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றிருப்பேன். நான் அந்த ஊரில் நான்கு வருடம் வேலை பார்த்தவன். பாவ்லோவ்ஸ்குக்கு எத்தனை முறை போனேன் என்பதற்குக் கணக்கில்லை. மற்ற அரண்மனைகளுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால்தான் போவேன்.

அந்த டூப்ளிகேட் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நீங்கள் படித்தது பொய்யில்லை. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை பாவ்லோவ்ஸ்கைப் பிடித்தது. 1944 ஜனவரி 24 அன்று சோவியத் படை திரும்ப உள்ளே வந்தபோது அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. கூரை போய்விட்டது, குவிமாடம் போய்விட்டது, நின்றது சுவர் மட்டும். பூங்காவில் சுமார் 70,000 மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தன, எங்கு பார்த்தாலும் கண்ணிவெடி. ஆனால் இந்தக் கதை பாவ்லோவ்ஸ்குக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். பீட்டர்ஹோஃபும் அப்படித்தான் எரிந்தது. அங்கே எல்லோரும் படம் எடுக்கும் அந்தத் தங்கநிற சாம்சன் சிலையை ஜெர்மானியர் கொண்டுபோனார்கள், திரும்பி வரவே இல்லை. இப்போது நிற்பது 1947-இல் புதிதாக வார்த்தது. பக்கத்து அரண்மனை ஊரான த்சார்ஸ்கோயே செலோவில், ஆம்பர் என்ற பொன்னிறப் பிசின்கல் பதித்த ஆம்பர் அறையும் தொலைந்ததுதான். இன்று வரிசையில் நின்று பார்ப்பது 2003-இல் திறந்த மறு ஆக்கம். ஆக, அசல் வேண்டும் என்பவர் பாவ்லோவ்ஸ்கை ஒதுக்குவதில் நியாயமே இல்லை. கட்டடம் எரிந்ததே தவிர, உள்ளே இருந்த பொருள்களில் பெரும்பகுதி தப்பித்துவிட்டது.

எப்படித் தப்பித்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால், அறைக்கு அறை நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும். அரண்மனை அப்போது அருங்காட்சியகமாக இருந்தது. 1941 ஜூனில் போர் தொடங்கியதும் அதன் ஊழியர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் அதற்கு இயக்குநராகப் பொறுப்பேற்றவர் அன்னா ஸெலெனோவா என்ற கலை வரலாற்று அறிஞர். அப்போது அவருக்கு வயது 28. பெட்டி போதாது, வண்டி போதாது, எல்லா நாற்காலியையும் ஏற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிக்கு ஒரு நாற்காலியையாவது அனுப்பினார்கள். ஒன்று கையில் இருந்தால் மற்றதை என்றைக்காவது செய்துகொள்ளலாம் என்ற கணக்கு. ரயிலேறியவை கோர்க்கிக்கும் சரபூலுக்கும் சைபீரியாவுக்கும் போயின. கடைசியாகப் போனவை ஜெர்மன் முற்றுகைக்குள் சிக்கிய லெனின்கிராதில் (செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் அன்றைய பெயர்), செயின்ட் ஐசக் தேவாலயத்தின் அடித்தளத்தில் கிடந்தன. அவற்றைக் காத்தவர்கள் அங்கேயே பசியோடு பசியாக இருந்தார்கள்.

தூக்க முடியாதவற்றை என்ன செய்வது? பழங்கால ரோமானியப் பளிங்குச் சிலைகளை அரண்மனையின் நிலவறைக்கு இறக்கி, ஒரு மூலையில் நெருக்கி நிறுத்தி, முன்னால் செங்கல் சுவர் எழுப்பிவிட்டார்கள். புதுச்சுவர் என்று தெரியாமலிருக்க அதன்மேல் அழுக்கைப் பூசினார்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஜெர்மானியர் அந்தச் சுவருக்கு மேலேயே நடமாடியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. தோட்டத்துச் சிலைகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள், அதுவும் மிக ஆழமாக. மேலோட்டமாகப் புதைத்தால் தேடுகிறவன் கொஞ்சம் தோண்டியதும் அகப்பட்டுவிடும் அல்லவா. அப்படிப் புதைத்தவற்றில் ஒன்று ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கிய 'மூன்று அழகு தேவியர்'. அரண்மனையை ஒட்டிய தனித்தோட்டத்தில், அரண்மனையைக் கட்டிய கேமரனே கட்டிய தூண் மண்டபத்துக்குள் இன்றும் அவர்கள் நிற்கிறார்கள். நான் யாரைக் கூட்டிப்போனாலும் அங்கே ஐந்து நிமிடம் நிறுத்தி, காலடியில் உள்ள மண்ணைக் காட்டுவது வழக்கம்.

திரும்பக் கட்டிய கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. எரிந்த வீட்டை முன்பு இருந்தபடி கட்ட வேண்டுமென்றால் எந்த அறையில் எது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். அதை அரண்மனையின் எஜமானியே எழுதி வைத்திருந்தார். மரியா ஃபியோதரோவ்னா 1795-இல் தன் வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாக வருணித்து எழுதினார். எந்தச் சுவரில் எந்தப் படம், எந்த மேஜையின்மேல் எந்த ஜாடி என்கிற அளவுக்கு விவரமானது அது. கூடவே இன்னொரு அதிர்ஷ்டம்: இந்த அரண்மனை 1803-இலும் ஒருமுறை எரிந்தது. அப்போது அதை மீட்டுக் கட்டிய வரோனிஹினின் வரைபடங்களும் இருந்தன. சாம்பலைச் சலித்து எடுத்த சுண்ணப்பூச்சுத் துண்டுகளைப் பார்த்து அச்சு எடுத்தார்கள். இந்த மாதிரி வேலைக்கே ஆள் வேண்டும் என்பதற்காக 1945-இல் லெனின்கிராதில் ஒரு பழைய கலைப்பள்ளியைத் திரும்பத் திறந்தார்கள். இடிபாட்டை அப்படியே விட்டுவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள், ஸெலெனோவா விடவில்லை. 1957-இல் முதல் அறைகள் திறந்தன, 1970-களில் வேலை முடிந்தது. போரில் அழிந்த புறநகர் அரண்மனைகளில் முதலில் எழுந்து நின்றது இதுதான். ஸெலெனோவா 1979 வரை அங்கேயே இருந்தார்.

இன்னொரு வேடிக்கை, சிம்மாசன மண்டபத்தின் விதானம். அண்ணாந்து பார்த்தால் வானம் நோக்கித் தூண் வரிசை எழுவது போல ஓவியம் இருக்கும். அதற்கு கோன்ஸாகா என்ற இத்தாலிய ஓவியர் மாதிரி வரைந்து வைத்திருந்தார், ஆனால் அவர் காலத்தில் அது தீட்டப்படவே இல்லை. போருக்குப் பிறகு அனதோலி த்ரெஸ்கின் தலைமையில் அந்த மாதிரியைப் பார்த்துத் தீட்டினார்கள். இதை அசலில் சேர்ப்பதா நகலில் சேர்ப்பதா, நீங்களே சொல்லுங்கள்.

யாருடைய வீடு இது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உள்ளே வழிகாட்டி சொல்லும் பெயர்களெல்லாம் குழம்பும். 1777 டிசம்பரில் கேத்தரின் பேரரசிக்குப் பேரன் பிறந்தான். பிற்காலத்தில் நெப்போலியனை விரட்டிய அலெக்ஸாந்தர் அவன்தான். பிறந்த கையோடு பாட்டி குழந்தையைத் தானே வளர்க்க எடுத்துக்கொண்டார். மகன் பாவெலுக்கும் மருமகள் மரியாவுக்கும் ஸ்லாவ்யான்கா ஆற்றங்கரைக் காடு பரிசாகக் கிடைத்தது. பாவெலின் பெயரால்தான் பாவ்லோவ்ஸ்க். பிள்ளைக்குப் பதில் நிலம் என்ற இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்த அறிவிப்புப் பலகையும் இப்படி எழுதியிருக்காது. பூங்காவுக்குள் முதலில் எழுந்த கட்டடங்களில் ஒன்று ஆற்று வளைவில் நிற்கும் வட்டமான 'நட்புக் கோயில்', 16 தூண்களோடு. அது சமர்ப்பிக்கப்பட்டது யாருக்கு? அதே மாமியாருக்கு. மருமகளின் சாமர்த்தியம் அப்படி.

மரியா வூர்ட்டெம்பர்க் இளவரசி. 17 வயது நிறையும் முன்பே கட்டிக்கொண்டு வந்தவர், பத்துப் பிள்ளை பெற்றவர். பிறந்த வீட்டு நினைவில் பால்பண்ணை வீடு, ஓலைக்கூரைக் குடிசை என்று தோட்டத்தில் கட்டிக்கொண்டார். பாவெலுக்குப் பிடித்ததோ கோட்டை போலிருக்கும் காட்சினா, அங்கே சிப்பாய்களை அணிவகுக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆகவே பாவ்லோவ்ஸ்க் நடைமுறையில் மனைவியின் வீடாகிவிட்டது. 1801-இல் பாவெல் கொலையான பிறகு, 1828-இல் தான் இறக்கும் வரை மரியா இதை இழைத்து இழைத்துச் செய்தார். யானைத்தந்தத்தையும் ஆம்பரையும் லேத்தில் தாமே கடைவார். அவர் கடைந்த மேஜை அலங்காரப் பொருள்கள் உள்ளே இருக்கின்றன. பேரரசி ஒருத்தி தூசி பறக்க லேத் முன்னால் நின்றதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்போது அரண்மனைக்குள். ஸ்காட்லாந்துக்காரரான சார்ல்ஸ் கேமரன் 1782-இல் தொடங்கிக் கட்டியது. மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், மேலே தட்டையான குவிமாடம், அதைச் சுற்றி 64 சிறு தூண்கள். பின்னால் ப்ரென்னா என்ற இத்தாலியர் இரு பக்கமும் இறக்கைகளை நீட்டிவிட்டார். மற்ற ஜார் அரண்மனைகளைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது சின்னதாகத் தெரியும், அதுதான் இதன் சுகம். இத்தாலிய மண்டபத்தில் நின்று மேலே பாருங்கள், குவிமாடத்திலிருந்தே வெளிச்சம் இறங்கும். சுற்றிலும் மாடங்களில் நிற்கும் சிலைகள்தான் நிலவறைச் சுவருக்குப் பின்னால் இருந்தவை. அடுத்து கிரேக்க மண்டபம்: பச்சைத் தூண் வரிசை, வெள்ளைத் தலைப்பு. அந்தப் பச்சை கல்லில்லை, பளிங்குபோல் மெருகேற்றிய சாந்து. அரசப் படுக்கையறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிரான்சின் செவ்ர் ஆலையில் செய்த பீங்கான் ஒப்பனைத் தொகுதி ஒன்று இருக்கும். 1782-இல் பாவெலும் மரியாவும் 'வடக்குப் பிரபு, பிரபுவாட்டி' என்று பொய்ப்பெயரில் ஐரோப்பா சுற்றியபோது பாரிஸில் பதினாறாம் லூயியும் மரி அந்துவானெத்தும் கொடுத்தது. கொடுத்தவர் இருவர் தலையும் போய்விட்டது, பீங்கான் கிண்ணத்தில் கீறல்கூட இல்லை. மற்ற அறைகளில் நிதானமாக நடந்தால் போதும். ஒவ்வொரு கடிகாரத்துக்கும் நின்றால் அப்பாவின் முழங்கால் தாங்காது.

அதனால் வரிசை முக்கியம். நான் முதல் தடவை செய்த தப்பைச் செய்யாதீர்கள். ரயிலைவிட்டு இறங்கினால் எதிரிலேயே பூங்கா வாசல். ஆசையாக உள்ளே நுழைந்தேன். மரம், மேடு, ஓடை, இன்னும் கொஞ்சம் என்று நடந்து, 'வெண் பிர்ச்' என்ற பகுதிக்குள் போய்த் திசை தெரியாமல் சுற்றி, அரண்மனைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. உள்ளே பாதி தூரம் போவதற்குள் கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. பூங்கா சுமார் 600 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 1,500 ஏக்கர். விளையாட்டில்லை. ஆகவே காலையிலேயே அரண்மனை, மதியம் சாப்பிட்டுவிட்டுப் பூங்கா. ரயில் நிலையத்திலிருந்து அரண்மனைக்குப் பூங்கா வழியாக நல்ல நடை இருக்கிறது. அப்பாவை பஸ்ஸிலோ டாக்ஸியிலோ நேராக அரண்மனை வாசலில் இறக்கிவிடுங்கள். முக்கிய அறைகள் மாடியில்தான், படி ஏற வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

போகும் வழி எளிது. வீத்தெப்ஸ்க் நிலையத்தில் எலெக்ட்ரீச்கா எனப்படும் புறநகர் மின்ரயில் ஏறினால் அரை மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பத்து நிமிடம் முன்னதாகவே போய் அந்த நிலையத்தையும் பாருங்கள், 1904-இல் கட்டியது, படிக்கட்டும் கண்ணாடியும் அவ்வளவு அழகு. ரஷ்யாவின் முதல் ரயில் பாதையும் இதுதான். 1837-இல் த்சார்ஸ்கோயே செலோ வரை ஓடியது, அடுத்த வருடம் பாவ்லோவ்ஸ்குக்கு நீண்டது. அந்தக் காலத்தில் காட்டுக்குள் போகும் ரயிலில் யார் ஏறுவார்கள்? ஆள் பிடிக்கப் பாதை முடியும் இடத்தில், பூங்காவுக்குள்ளேயே கச்சேரி மண்டபம் ஒன்று கட்டினார்கள். லண்டனின் வாக்ஸ்ஹால் கேளிக்கைத் தோட்டத்தின் பெயரால் அந்த மாதிரி இடங்களை 'வக்ஸால்' என்பார்கள். ரயிலும் கச்சேரியும் ஒரே இடத்தில் சேர்ந்ததில், ரஷ்ய மொழியில் ரயில் நிலையத்துக்கே வக்ஸால் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1856 முதல் பல கோடைகள் வியன்னாவிலிருந்து இளைய யோஹான் ஷ்ட்ராவுஸ் வந்து இங்கே வால்ட்ஸ் நடன இசைக் கச்சேரி நடத்தினார். அந்த மண்டபமும் போரில் போனது, அதைத் திரும்பக் கட்டவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஏன் இங்கே என்று சொல்லவில்லையே. அந்த விதான ஓவியத்துக்கு மாதிரி வரைந்த கோன்ஸாகா நாடக மேடைக்குத் திரைச்சீலை தீட்டியவர். பூங்காவின் பெரும்பகுதியை அமைத்ததும் அவர்தான். அவர் பூச்செடியை நம்பவில்லை, மரங்களைத்தான் நம்பினார். எந்த மரம் இலையுதிர் காலத்தில் என்ன நிறத்துக்கு மாறும், எதற்கு முன்னால் எது நின்றால் வெளிச்சம் எப்படி விழும் என்று பார்த்துப் பார்த்து வைத்தார். கரும்பச்சை ஃபிர் மரத்துக்கு முன்னால் ஒற்றை பிர்ச் மரம் மஞ்சளாக எரியும். இருபது அடி நடந்தால் அந்தக் காட்சி மூடி, அடுத்த காட்சி திறக்கும். 'பொன் இலையுதிர்' என்று ரஷ்யர்கள் சொல்லும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் உள்ளூர்க் கூட்டமே இங்குதான் வரும். பாட்டிமார் மேப்பிள் இலைகளைப் பொறுக்கி மாலையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

மதியத்துக்குப் பாதை: அரண்மனைக்குப் பின்னால் பள்ளத்தாக்கில் இறங்குங்கள். நான்கு மூலையில் குதிரை மனிதர் சிலை நிற்கும் சென்டார் பாலம், மேலே மேட்டில் அப்பல்லோ தூண் வட்டம். அந்த வட்டத்தில் ஒரு பக்கம் தூண் சரிந்து கற்கள் கீழே கிடக்கும். போர்ச்சேதம் என்று எண்ண வேண்டாம், 1817-இல் அடித்த புயல்மழையில் விழுந்தது. பார்க்க முன்னைவிட நன்றாயிருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கிருந்து ஆற்றோடு நடந்தால் நட்புக் கோயில். அப்பாவுக்கு இதோடு போதும், மேட்டுப் பெஞ்சில் உட்காரட்டும். குதிரை வண்டியும் கிடைக்கும், விலையை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தெம்பிருந்தால் நீங்கள் மட்டும் 'பழைய சில்வியா' வரை போய்வாருங்கள். நடுவில் அப்பல்லோ, சுற்றிலும் பன்னிரண்டு பாதை, பாதைக்கு ஒரு வெண்கலச் சிலை. அங்கே கூட்டம் குறைவு. இன்னும் தள்ளிக் காட்டுக்குள் மரியா கணவனுக்காகக் கட்டிய நினைவு மண்டபம் இருக்கிறது. 'நன்மை செய்த கணவருக்கு' என்ற பொருளில் முகப்பில் எழுதியிருக்கும். பாவெலின் உடல் அதில் இல்லை, அது நகரத்துக் கோட்டைத் தேவாலயத்தில் இருக்கிறது.

அணிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். நம் ஊர் அணில்போல் முதுகில் கோடு கிடையாது, செம்பழுப்பு நிறம், காதில் முடிக்கொத்து. மனிதரைக் கண்டு பயமே இல்லை. குந்தி உட்கார்ந்து உள்ளங்கையில் வால்நட்டோ ஹேசல்நட்டோ வைத்தால், கால்சட்டையைப் பிடித்து ஏறிவந்து, முன்னங்கையை உங்கள் விரல்மேல் ஊன்றி எடுத்துக்கொள்ளும். விரல் நுனியில் அதன் நகம் படுவது நன்றாகத் தெரியும். உடனே தின்னாது, பத்தடி ஓடிப் புல்லில் புதைத்துவிட்டு அடுத்ததற்கு வரும். சூரியகாந்தி விதை வைத்துக் கையை நீட்டி அசையாமல் நின்றால் டிட் என்னும் சின்னக் குருவியும் கையில் வந்து உட்காரும், கனமே தெரியாது. வறுத்ததும் உப்புப் போட்டதும் கொடுக்கக் கூடாது.

மிச்சம் சில்லறை விஷயங்கள். பூங்காவுக்குத் தனிச்சீட்டு, அரண்மனைக்குத் தனிச்சீட்டு. வாரத்தில் விடுமுறை நாளும், மாதத்தில் ஒருநாள் சுத்தம் செய்ய மூடும் வழக்கமும் உண்டு, முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அரண்மனை வாசலில் செருப்பின்மேல் மாட்ட 'பஹீலி' என்ற பிளாஸ்டிக் உறை கொடுப்பார்கள், மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை, ரொக்கம் வைத்திருங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் ப்ளினி (மெல்லிய அடை), ஸீர்னிகி (பாலாடைக்கட்டி அடை) இரண்டும் எங்கும் கிடைக்கும், ஆனால் வழக்கமாக இரண்டிலும் முட்டை சேரும். சாப்பாடு பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் பையில் ஏதாவது எடுத்துப்போவது மேல். காலையில் வெயில் அடித்தாலும் குடை வேண்டும். மழைக்குப் பிறகு பள்ளத்தாக்குப் பாதை வழுக்கும், அப்பாவுக்குப் பிடிமானமுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள்.

திரும்பும்போது அப்பாவை அரண்மனை வாசலிலிருந்தே டாக்ஸியில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, நீங்களும் அம்மாவும் பூங்கா வழியாக நடந்து வாருங்கள். அந்த நேரத்தில் வெயில் சாய்வாக விழும். ரயில் அடிக்கடி உண்டு, ஒன்று போனாலும் அடுத்ததில் வரலாம்.